ரிப்பனுக்கு மை ஏற்றுவதா, ரிப்பனையே மாற்றுவதா?

சிறு ஊசிகளால் மை ரிப்பனைத் தாளில் அடித்துப் புள்ளி புள்ளியாக எழுத்தை உருவாக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை இன்னும் கைவிடாத இடங்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. லாரி புக்கிங் அலுவலகங்கள், மருந்து மொத்த விற்பனைக் கடைகள், ஜவுளிக் கிடங்குகள், எடைமேடைகள் என ஒரே அடியில் மூன்று நான்கு நகல்கள் தேவைப்படும் இடங்களில் அதன் கரகர ஓசை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சரக்கு விற்பனைக்கான ஜிஎஸ்டி பட்டியலை வாங்குபவருக்கு ஒன்று, கொண்டுபோகும் வண்டிக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று என மூன்று படிகளாகத் தயாரிக்க வேண்டும் என்று விதி இருக்கும்போது, நகல் தாளில் ஒரே முறை அடித்துக் கிழித்துக் கொடுக்கும் வசதியை விட யாருக்கும் மனம் வருவதில்லை. இந்தப் பிரின்டர்களுக்கு அவ்வப்போது வரும் ஒரே செலவு ரிப்பன். எழுத்து மங்கியதும் ரிப்பன் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டியான கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்குவதா, உள்ளே உள்ள துணி நாடாவை மட்டும் மாற்றுவதா, பழைய நாடாவுக்கே மை ஏற்றுவதா, மை ஏற்றுவதென்றால் அதற்கென்று ஒரு இயந்திரம் வாங்கிப் போடுவதா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் ஆறு 9 ஊசிப் பிரின்டர்களையும் ஒரு 24 ஊசிப் பிரின்டரையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில், இந்த வழிகள் எல்லாவற்றையும் நான் முயன்று பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று, ஊசிகள் அடங்கிய அச்சுத் தலையான ஹெட் ஒன்றையே என்னிடம் காவு வாங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பிடத் தொடங்குவதற்கு முன், கோளாறு உண்மையிலேயே ரிப்பனில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகல் தாளில் அச்சிடும்போது ரிப்பனின் மை முதல் தாளில் மட்டுமே படுகிறது. கீழே உள்ள படிகள் ஊசியின் அடியால், கார்பனாலோ தாளில் பூசப்பட்ட வேதிப்பூச்சாலோ உருவாகின்றன. ஆகவே முதல் தாள் மங்கலாகவும் அடித்தாள்கள் தெளிவாகவும் இருந்தால் மை தீர்ந்திருக்கிறது என்று பொருள். அடித்தாள்களும் மங்கலாக இருந்தால் ஹெட்டுக்கும் தாளைத் தாங்கும் உருளைக்கும் இடையிலான இடைவெளியை மாற்றும் நெம்புகோல் தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது ஊசிகளின் வேகம் குறைந்திருக்கிறது. எல்லா எழுத்துகளிலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஓர் ஊசி ஒடிந்திருக்கிறது, அல்லது சிக்கியிருக்கிறது. இந்தக் கடைசி நிலையில் ரிப்பன் மேல் ரிப்பனாக வாங்கி மாட்டிக்கொண்டே இருந்தவர்களை நான் அறிவேன். வரி முழுவதும் நன்றாக விழுந்து, ஓரிடத்தில் மட்டும் எழுத்துகள் திடீரென்று வெளிறிப்போனால், நாடா சுழலாமல் நிற்கிறது. அதற்கு மை பரிகாரமாகாது, கார்ட்ரிட்ஜின் பல்சக்கரத்தையும் பிரின்டரில் அதைச் சுழற்றும் அமைப்பையும்தான் பார்க்க வேண்டும்.

மை தீர்ந்ததுதான் என்று உறுதியான பிறகு, எது தீர்ந்திருக்கிறது, எது மிச்சமிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது நைலான் இழைகளால் நெருக்கமாக நெய்யப்பட்ட, முனைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட ஒரு நாடா. பரவலாகப் புழங்கும் 9 ஊசி வகைகளில் அதன் அகலம் சுமார் 13 மில்லிமீட்டர். ஆனால் ஒன்பது ஊசிகளும் அடுக்கி நிற்கும் உயரம் 3 மில்லிமீட்டரை ஒட்டியதுதான். அதாவது ஊசி அடிக்கும் பட்டை நாடாவின் அகலத்தில் கால்பங்கு. மீதி முக்கால் பங்கும் மைக் கிடங்காகவே இருக்கிறது. அடிபட்ட இடம் வறண்டதும், இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளின் வழியாக ஓரத்து மை மெல்ல நடுப்பகுதிக்கு ஊர்ந்து வருகிறது. சனிக்கிழமை மாலை மங்கிக் கிடந்த ரிப்பன் திங்கட்கிழமை காலையில் கொஞ்சம் உயிர்பெற்று அடிப்பதன் காரணம் இதுதான். பல கார்ட்ரிட்ஜ்களில் நாடாவை ஒருமுறை முறுக்கி ஒட்டியிருப்பார்கள். இதனால் ஒரு சுற்றில் மேல்பாதியும் அடுத்த சுற்றில் கீழ்பாதியும் அடிபடும். தேய்மானம் இரண்டாகப் பகிரப்படும்.

ஆக, மை தீர்வது முதலில். துணி நைவது அதற்கு வெகுநாள் கழித்து. மை ஏற்றும் தொழிலின் முழு நியாயமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாடா கிழியும் நாளுக்கும் மை வற்றும் நாளுக்கும் இடையே எத்தனை சுற்று எடுக்கலாம் என்பதுதான் கணக்கு.

கார்ட்ரிட்ஜின் ஆயுளைக் கம்பெனிகள் எழுத்துகளின் எண்ணிக்கையில் சொல்கின்றன. எப்சன் எல்எக்ஸ்-300 வகைக்கான பழைய ரிப்பனுக்கு 30 லட்சம் எழுத்துகள்; எல்எக்ஸ்-350 வகைக்கு 40 லட்சம்; கனமான வேலைக்கான எஃப்எக்ஸ்-890 வகைக்கு 75 லட்சம். ஒரு பட்டியலுக்கு 1,000 எழுத்துகள் என்று கொண்டால், 30 லட்சம் எழுத்துகள் 3,000 பட்டியல்களுக்கு வர வேண்டும். நடைமுறையில் அவ்வளவு வருவதில்லை. அந்த எண், பிரின்டரின் சொந்த எழுத்துருவில் விரைவு முறையில், ஓர் எழுத்துக்குச் சராசரியாக 14 புள்ளிகள் என்ற கணக்கில் சொல்லப்படுவது. விண்டோஸ் வழியாக அழகான எழுத்துருவில் அச்சிட்டால் முழுப் பக்கமும் படமாகப் போகிறது. ஊசிகள் ஒரே வரியின் மேல் இரண்டு மூன்று முறைகூட ஓடுகின்றன. தமிழில் பட்டியல் அடிக்கும் கடைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பிரின்டருக்குள் தமிழ் எழுத்துரு இல்லாததால் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் படமாகவே அச்சாகிறது. இத்துடன், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமாகிவிட்டதால், வணிகர்களுக்குப் போடும் ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு கியூஆர் கட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு சதுரத்தைக் கறுப்பாக்க ஊசிகள் அடிக்கும் அடி, பல வரிகள் எழுத்துக்குச் சமம்.

எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும், அதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடிய சிக்கனம் ஒன்று உண்டு. டேலி கணக்கு மென்பொருளில் அச்சிடும்போது ‘நீட் மோட்’ என்பதை விட்டு ‘குயிக் டிராஃப்ட்’ அல்லது ‘டாட் மேட்ரிக்ஸ்’ வகையைத் தேர்ந்தால் ரிப்பனின் ஆயுள் கண்கூடாக நீளும். உள் பயன்பாட்டுக்கான இருப்புப் பட்டியல், நாள்வழிக் கணக்கு போன்றவற்றை அழகாக அடிப்பதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

இனி வழிகளைப் பார்ப்போம். பிரின்டர் கம்பெனியின் அசல் கார்ட்ரிட்ஜ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலை கூடுதல், ஆனால் துணியின் நெசவு, மையின் அளவு, ஒட்டின் நேர்த்தி, பல்சக்கரத்தின் இறுக்கம் எல்லாம் அந்த ஹெட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. போலிகள் அசல் பெட்டியிலேயே வருவதால், வாங்கும் இடம் நம்பகமானதாக இருக்க வேண்டும். அதே அளவில் வேறு தயாரிப்பாளர்கள் செய்யும் மாற்றுக் கார்ட்ரிட்ஜ்கள் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. தரம் கட்டுக்குக் கட்டு மாறுகிறது. ஒரு தடவை வாங்கிய பத்தும் நன்றாக உழைக்கும். அடுத்த தடவை வாங்கியதில் இரண்டு கார்ட்ரிட்ஜ்களின் பிளாஸ்டிக் மூடியே பிரின்டரில் சரியாக அமராது. அவசரத்துக்கு ஒன்றிரண்டு வாங்கி வைக்கலாமே தவிர, அதையே வழக்கமாக்கிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் ஊர்களில் அதிகம் நடப்பது நாடா மாற்றம்தான். ‘ரீஃபில்’ என்று கேட்டால் கம்ப்யூட்டர் சாமான் கடையில் ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில், மை தோய்த்து, முனைகள் ஒட்டப்பட்டு, மடிமடியாக அடுக்கிய நாடாவைக் கொடுப்பார்கள். பழைய கார்ட்ரிட்ஜின் மூடியைத் தட்டையான திருப்புளியால் மெல்ல நெம்பித் திறந்து, வற்றிய நாடாவை எடுத்தெறிந்து, புதியதை உள்ளே அடுக்கி, அதன் ஒரு பகுதியைப் பல்சக்கரங்களுக்கு இடையே செலுத்தி மூட வேண்டும். பழகிய கைக்குப் பதினைந்து நிமிட வேலை. பழகாத கைக்கு ஒரு சட்டை நட்டம். இதில் தவறு நேரும் இடங்கள் மூன்று. நாடாவின் முறுக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். முறுக்குள்ள வகையில் அதைத் தெரியாமல் பிரித்துவிட்டால் ஒரே பாதி அடிபட்டு ஆயுள் பாதியாகும், முறுக்கில்லாத வகையில் கூடுதலாக ஒன்று விழுந்தால் நாடா மடங்கிச் சிக்கும். உள்ளே அடுக்கும்போது மடிப்புகள் குறுக்கே போகாமல் வந்த வரிசையிலேயே விழ வேண்டும். வெளிவாயிலில் உள்ள மெல்லிய தகட்டு வில்லுக்கு அடியில் நாடா போகாவிட்டால் இழுவை கிடைக்காமல் தொளதொளத்து, ஊசி முனையில் மாட்டிக்கொள்ளும். மூடியபின் மேலே உள்ள குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும், முழு நாடாவும் ஒரு சுற்று வரும்வரை திருகிப் பார்ப்பது நல்லது. எதிர்த்திசையில் ஒரு திருகு திருகினாலே உள்ளே சிக்கல் விழுந்துவிடும்.

நாடா மாற்றத்தின் பெரிய நன்மை, துணியும் மையும் சேர்ந்தே புதிதாகிவிடுவது. அதன் குறை, நாடாவின் தரம் கண்ணுக்குத் தெரியாது என்பது. நெசவு தளர்ந்த நாடா முதல் நாள் கன்னங்கரேலென்று அடிக்கும். மூன்றாம் வாரத்தில் விளிம்பில் இழை பிரியும். ஒட்டு இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் ஓரளவு தெரியும்: சாய்வாக, தட்டையாக, துணியின் கனத்துக்கு மேல் மேடு தட்டாமல் இருக்க வேண்டும். மேடாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது ஹெட்டின் முகத்தில் இடித்துக்கொண்டு போகும்.

இனி மை ஏற்றும் வழிக்கு வருவோம். கையால் ஏற்றுவது பழைய பழக்கம். மூடியைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு, மூடி, ஓர் இரவு வைத்துவிடுவார்கள். சிலர் தையல் மெஷின் எண்ணெயை விடுவார்கள். துரு இளக்கும் டபிள்யூடி-40 தெளிப்பைத் தெளிக்கும் வழக்கமும் உண்டு. எண்ணெயும் தெளிப்பும் புதிய மையைத் தருவதில்லை, ஓரத்தில் தேங்கியிருக்கும் பழைய மையை இளக்கி நடுவுக்குக் கொண்டுவருகின்றன, அவ்வளவே. ஒருமுறை பலிக்கும், இரண்டாம் முறை தாளில் எண்ணெய்ப் பசைதான் மிஞ்சும். சொட்டாக விட்ட மை, விழுந்த மடிப்புகளில் குளமாகவும் மற்ற இடங்களில் வறட்சியாகவும் நிற்கும் என்பதால், பட்டியலின் ஒரு வரி அப்பிக்கொண்டும் அடுத்த வரி வெளிறியும் வரும். வாரத்துக்கு நாற்பது பக்கம் அடிக்கும் இடத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், கணக்கு எழுதும் இடத்தில் முடியாது.

நான் ஹெட்டைப் பறிகொடுத்த கதை இங்கேதான் வருகிறது. ரிப்பன் மை என்று சொல்லிக் கடையில் ஊற்றிக் கொடுத்த ஒரு குப்பியை நம்பி இரண்டு கார்ட்ரிட்ஜ்களுக்கு ஏற்றினேன். முதல் இரண்டு வாரங்கள் எழுத்து மிக நன்றாக இருந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு பிரின்டரில் மூன்று ஊசிகள் வெளியே வர மறுத்தன. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார், அது முத்திரை குத்தும் ஸ்டாம்ப் பேட் மை என்று. அந்த மைகள் பெரும்பாலும் தண்ணீரும் கிளைகாலும் கலந்தவை. ஈரத்தை இழுக்கும், காய்ந்தால் பிசினாகும். ரிப்பன் மையோ எளிதில் ஆவியாகாத எண்ணெயில் கரிப்பொடியையும் சாயத்தையும் நுண்ணியதாக அரைத்துக் கலந்தது. நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் போய்வரக்கூடிய அந்த ஊசிகளுக்கு மசகெண்ணெய் வேலையைச் செய்வதும் அந்த மைதான். ஊசி நுழைந்து வரும் துளைக்கும் ஊசிக்கும் இடையே தலைமுடி நுழையவும் இடமில்லை. அங்கே காயும் எதுவும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். மை என்றால் கறுப்பு நிறம் என்று நினைத்தது என் தவறு. ஹெட்டின் பார்வையில் மை என்பது கறுப்பு நிறமுள்ள எண்ணெய்.

இயந்திரத்தால் மை ஏற்றுவதையும் இந்த அறிவோடுதான் மதிப்பிட வேண்டும். இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இருந்த கம்ப்யூட்டர் ஃப்ரெண்ட்ஸ் என்னும் நிறுவனம் 1980களின் நடுவில் ‘மேக் இங்கர்’ என்ற பெயரில், ஐம்பது அறுபது டாலர் அளவில் ஒரு சிறு மேசை இயந்திரத்தை விற்றது. ஒரு ரிப்பனுக்கு 5 சென்ட்டுக்கும் குறைவான செலவு என்றும், தன் மையில் ஹெட்டுக்கான மசகு சேர்ந்திருக்கிறது என்றும் அது விளம்பரம் செய்தது. அன்றைக்கே அவர்கள் சிக்கனத்தோடு மசகையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர்களின் அச்சம் எங்கே இருந்தது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

இயந்திரத்தின் அமைப்பில் மாயம் எதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜை உட்கார வைக்க ஒரு தட்டு. பிரின்டரில் உள்ளதைப் போலவே கார்ட்ரிட்ஜின் சக்கரத்தைத் திருப்பும் ஓர் அச்சு. அதை மெதுவாகச் சுழற்றும் மோட்டார். நாடாவின் வெளிப்பட்ட பகுதி உரசிச் செல்லும்படி மை ஊறிய ஓர் உருளை அல்லது திரி. நாடா பல சுற்றுகள் வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது மை ஏறுகிறது. மூடியைத் திறக்க வேண்டியதில்லை, நாடாவைத் தொட வேண்டியதில்லை, முறுக்கு கலையாது. கைவழியோடு ஒப்பிட்டால் இதன் உயர்வு சீர்மையில் இருக்கிறது: நாடா முழுவதும் ஒரே அளவில் மை. நாடா மாற்றத்தோடு ஒப்பிட்டால் இதன் உயர்வு ஆள் நேரத்தில் இருக்கிறது; மாட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாம்.

ஆனால் ஒவ்வொரு வகைக் கார்ட்ரிட்ஜுக்கும் அச்சின் இடமும் நாடா வெளிவரும் கோணமும் வேறு. டிவிஎஸ் வகைக்குப் பொருந்தும் தட்டு எப்சன் வகைக்குப் பொருந்தாமல் போகலாம். துணைத்தட்டுகள் தனியாக வாங்க வேண்டியிருக்கும். நான்கு கம்பெனிப் பிரின்டர்களை வைத்திருப்பவர் நான்கு தட்டுகளை வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட, முதலில் பிரின்டர்களை ஒரே வகைக்குக் கொண்டுவருவது நல்லது.

இயந்திரத்தில் நேரும் பிழைகளில் பெரியது மை போதாமை என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் மை மிகுதிதான் பெரிய பிழை. ஒரு நாடாவுக்கு வேண்டியது மில்லிலிட்டர் கணக்கில் கொஞ்சம்தான். இன்னும் ஒரு சுற்று ஓடட்டுமே என்று விட்டுவைத்தால், மறுநாள் பட்டியலில் 6, 8, 0 மூன்றும் வயிறு அடைபட்டு ஒரே உருவமாக நிற்கும். மருந்துப் பெட்டியின் பேட்ச் எண்ணிலும் தொகையிலும் இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. கியூஆர் கட்டமோ அதைவிடக் கறாரானது. வெள்ளைச் சந்துகள் மையால் மூடிக்கொண்டால் கைபேசி அதைப் படிக்க மறுக்கும், மங்கிய ரிப்பனாலும் இதே கதிதான். மிகுந்த மை, ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையே இருக்கும் மெல்லிய தகட்டில் தேங்கித் தாள் முழுவதும் இழுவிவிடும்; தாளின் தூசியோடு சேர்ந்து ஹெட்டின் முகத்தில் சேறாகப் படியும். ஆகவே இயந்திரத்தில் இருந்து எடுத்த கார்ட்ரிட்ஜை உடனே மாட்டாமல், பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு நாளாவது வைத்திருந்து மை பரவிய பின் மாட்டுவதும், முதல் சில பக்கங்களைக் கழிவுத்தாளில் அடித்துப் பார்ப்பதும் ஒழுங்காக இருக்க வேண்டும். இதனால் ஒவ்வொரு பிரின்டருக்கும் குறைந்தது இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் சுழற்சியில் இருந்தாக வேண்டும்.

செலவுக் கணக்கை எடுத்துக்காட்டு எண்களில் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் படிப்பவர் தம் ஊர் விலையை இட்டுக்கொள்ளலாம். அசல் கார்ட்ரிட்ஜ் 300 ரூபாய், ரீஃபில் நாடா 60 ரூபாய், ஒருமுறை ஏற்றும் நல்ல மை 10 ரூபாய், இயந்திரம் 6,000 ரூபாய் என்று கொள்வோம். ஆறு பிரின்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு ரிப்பன் என்றால் ஆண்டுக்கு 72. அசலாகவே வாங்கினால் 21,600 ரூபாய். ரீஃபில் நாடா என்றால் 4,320 ரூபாய். இயந்திரத்தில், ஒரு புதிய நாடாவுக்குப் பின் மூன்று முறை மை ஏற்றி நான்காவது சுற்றோடு நாடாவை எறிந்துவிடுவது என்ற ஒழுங்கில், நான்கு சுற்றுக்கு 90 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 1,620 ரூபாய்.

இந்த எண்களில் ஒன்று எனக்கே வியப்பாக இருந்தது. அசலில் இருந்து ரீஃபிலுக்கு இறங்கும்போது மிச்சமாவது 17,280 ரூபாய். ரீஃபிலில் இருந்து இயந்திரத்துக்கு மாறும்போது மேலும் மிச்சமாவது வெறும் 2,700 ரூபாய். இயந்திரத்தின் விலை தேற இரண்டே கால் ஆண்டு ஆகும், அதற்குள் ஒரே ஒரு ஹெட் பழுதுபட்டாலும் அந்த மிச்சம் காணாமல் போய்விடும். பிரின்டர் ஒன்றே ஒன்று என்றால் ஆண்டு மிச்சம் 450 ரூபாய், விலை தேறப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். அதுவரை அந்தப் பிரின்டர் இருக்குமா என்பதே கேள்வி. நாற்பது பிரின்டர்கள் உள்ள லாரிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலோ ஆண்டு மிச்சம் 18,000 ரூபாய். நான்கு மாதத்தில் விலை தேறிவிடும். அங்கே இதற்கென்றே ஓர் ஆளைப் பழக்கவும் முடியும். மை ஏற்றும் இயந்திரத்தின் விலையைக் கேட்டு வாங்கத் துடிப்பவர்கள், அசல் கார்ட்ரிட்ஜின் விலையோடு அதை ஒப்பிடுகிறார்கள். ரீஃபில் நாடாவின் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் துடிப்பில் பாதி அடங்கிவிடும்.

24 ஊசிப் பிரின்டர்களுக்குக் கணக்கே வேறு. 9 ஊசி ஹெட்டில் ஊசியின் பருமன் சுமார் 0.3 மில்லிமீட்டர், 24 ஊசியில் அது 0.2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மெல்லிய ஊசி துணியைக் கூர்மையாகக் குத்துகிறது. நைந்த நாடாவில் ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் அதில் மாட்டி, ஹெட் பக்கவாட்டில் ஓடும் வேகத்தில் ஒடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்குப் புத்தகம் அடிக்கும் பிரின்டர்களும் பெரும்பாலும் இந்த இனம்தான். இவற்றின் நாடாவுக்கு மை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அசல் கார்ட்ரிட்ஜ், அல்லது நன்கு அறிந்த தயாரிப்பாளரின் மாற்று, அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களை அடிக்கும் பிரின்டர்களுக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் சாயம் மிகுந்த மை வெளிச்சத்தில் வெளிறும், கரிப்பொடி மிகுந்த மை நிற்கும். குப்பியைப் பார்த்து எது எவ்வளவு என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் படலத்தில் கரி பூசிய ஒருமுறை ரிப்பன்களுக்கும், வெப்பத்தால் அச்சிடும் பார்கோட் பிரின்டர்களின் மெழுகு ரிப்பன்களுக்கும் மை ஏற்றுவது என்ற பேச்சே இல்லை. அவற்றில் பூச்சே பெயர்ந்து தாளுக்குப் போய்விடுகிறது.

ஆகவே ஒன்றிரண்டு 9 ஊசிப் பிரின்டர்கள் உள்ள கடைக்கு என் பரிந்துரை தரமான ரீஃபில் நாடா, ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அசல் கார்ட்ரிட்ஜ். நாடா மாற்ற மாற்றப் பல்சக்கரமும் தேய்வதால் கார்ட்ரிட்ஜின் கூட்டையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து முதல் பத்துப் பிரின்டர்கள் உள்ள இடம் எல்லைக்கோட்டில் நிற்கிறது: எல்லாம் ஒரே வகைக் கார்ட்ரிட்ஜாக இருந்து, நம்பகமான மை தொடர்ந்து கிடைத்து, பொறுப்பாகச் செய்ய ஒருவர் இருந்தால் மட்டும் இயந்திரம், மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரீஃபில் நாடாவே மேல். அதற்கும் மேற்பட்ட எண்ணிக்கைக்கு இயந்திரம் தயங்காமல் வாங்க வேண்டியது.

எங்கள் கிடங்கில் முடிவாக இயந்திரத்தையே வாங்கினோம், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு. ஒவ்வொரு முறை மை ஏற்றியதும் கார்ட்ரிட்ஜின் முதுகில் வெள்ளை வண்ணத்தால் ஒரு பொட்டு வைக்கப்படும். மூன்று பொட்டு விழுந்த கார்ட்ரிட்ஜ், எழுத்து எவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தாலும், அடுத்த முறை மங்கியதும் இயந்திரத்துக்குப் போகாது. நாடா வெட்டி எறியப்படும். இரண்டாவது பொட்டு வைக்கும்போதே குமிழைத் திருகி நாடாவை முழுச் சுற்று வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும், இழை பிரிந்திருந்தால் அப்போதே கழித்துவிட வேண்டும் என்பது மெக்கானிக் சொல்லிச் சேர்த்த விதி. கிடங்குப் பையன்கள் அந்தப் பொட்டுகளை நாமம் என்று அழைக்கிறார்கள். மூன்றாவது நாமம் போட்டாயிற்று என்றால், புதிய நாடா வாங்கக் கடைக்கு ஆள் போக வேண்டும் என்று பொருள்.